பனாஜி: வாடகைக்காரர் காத்த ஒரு பழைய ஊர்

மாநிலத் தலைநகரம் என்றதும் நம் மனதில் எழும் சித்திரத்துக்கும் பனாஜிக்கும் எந்தப் பொருத்தமும் கிடையாது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்நகர எல்லைக்குள் வசித்தவர்கள் 40,017 பேர்தான். நம் பக்கத்து நகராட்சிகள் பலவற்றில் இதைவிடக் கூட்டம் அதிகம். வடக்கே கடலை நோக்கி அகன்று செல்லும் மாண்டோவி ஆறு, கிழக்கே அதில் வந்து கலக்கும் ஊரெம் ஓடை, நடுவில் அல்டின்ஹோ என்ற குன்று. இவற்றுக்கு இடையே கிடைத்த தட்டை நிலத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது ஊர். பழைய பகுதியை ஒரு மாலைநேர நடையில் சுற்றி வந்துவிடலாம்.

இப்படிப்பட்ட சின்ன ஊரில் வீடு கிடைப்பது எளிது என்றுதான் எவரும் நினைப்பார்கள். நான் மாற்றலாகிப் போனபோது, எனக்குப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே கோவாவுக்கு வந்து சேர்ந்திருந்த நம்மவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, இங்க பார்க்கறதுக்குத்தான் வீடு இருக்கு, இருக்கறதுக்கு இல்ல." ஓடைக்கரைத் தெருவில் நடந்தால் நாலைந்து வீட்டுக்கு ஒரு வீடு பூட்டிக் கிடக்கும். சன்னல் கதவு பெயர்ந்து தொங்கும். சுவரில் அரசமரம் முளைத்திருக்கும். யாருடையது, வாடகைக்கு விடுவார்களா என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், "அதுல ரொம்பப் பேர் இருக்காங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பூட்டிய வீடுகள் இத்தனை இருக்கையில் குடியிருக்க வீடு இல்லாமல் போவது எப்படி? அதற்கான விடை கொஞ்சம் சரித்திரத்திலும் நிறையச் சட்டத்திலும் கிடக்கிறது. வெளிமாநிலங்களில் வாடகை வீட்டிலேயே ஆயுளில் பாதியைக் கழிக்கும் நம் குடும்பங்களுக்கு அந்தக் கதை பயன்படும் என்பதால் இங்கே எழுத முற்பட்டேன்.

ஒரு தலைநகரம் இடம் மாறிய கதை

போர்த்துகீசர் 1510இல் கைப்பற்றிய கோவா இன்றைய பனாஜி அல்ல. அது ஆற்றின் மேல்பக்கம் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தள்ளி, இப்போது 'பழைய கோவா' என்று வழங்கும் இடம். பதினாறாம் நூற்றாண்டில் கீழைக் கடல் வாணிகத்தின் பெருநகரம் அது. நமக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவின் முதல் அச்சுக்கூடம் 1556இல் அங்கே வந்து இறங்கியது. 1577இல் யோவான் கொன்சால்வஸ் என்பவர் தமிழ் எழுத்துகளை அங்கேதான் அச்சுக்கு வார்த்தார். அடுத்த ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. தமிழ் எழுத்து ஓலையிலிருந்து ஈயத்துக்கு மாறியதில் மாண்டோவிக் கரைக்கும் பங்கு உண்டு என்று நாம் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பெருநகரம் நோயால் அழிந்தது. சதுப்பு நிலம், நீரைச் சுலபமாக உள்ளே விடும் செம்புராங்கல் பூமி, கழிவும் கிணற்று நீரும் கலக்கும் நிலை, திரும்பத் திரும்ப வந்த கொள்ளைநோய்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. வசதி உள்ளவர்கள் ஆற்றோடு கீழே இறங்கி ரிபந்தர், பஞ்சிம் என்று காற்றோட்டமான இடங்களுக்கு நகர்ந்தார்கள். பஞ்சிம் அப்போது தாலெய்காவ் கிராமத்தைச் சேர்ந்த ஒரு கரையோரப் பகுதி. ஆதில் ஷாவின் பழைய மாளிகை ஒன்று, மேட்டில் 1541இல் எழுந்த தேவாலயம் ஒன்று, மற்றபடி மீனவர் குடிகளும் தென்னந்தோப்பும் உப்பளமும் சேறும். 1633-34இல் லின்யாரெஸ் கோமகன் என்ற வைஸ்ராய் ரிபந்தருக்கும் பஞ்சிமுக்கும் இடையே உப்பளங்களின் குறுக்கே மூன்று கிலோமீட்டருக்கு மேல் கற்பாலச் சாலை ஒன்றைக் கட்டினார். இன்றும் பேருந்து அதன்மேல்தான் ஓடுகிறது.

1759இல் வைஸ்ராயே பஞ்சிம் மாளிகைக்குக் குடிமாறினார். லிஸ்பனில் இருந்த பொம்பால் பிரபு இதை ஒப்பாமல், 1770களில் பழைய கோவாவைத் திரும்பக் கட்டச் சொல்லி உத்தரவு போட்டார். பணம் செலவானது, ஜனம் திரும்பவில்லை. உத்தரவு போட்டால் கட்டடம் எழும், குடித்தனம் எழுமா? கடைசியில் பழைய நகரத்து மாளிகைகளின் கல்லும் மரமும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பஞ்சிம் கட்டடங்களுக்கு வந்து சேர்ந்தன. 1826 முதல் 1835 வரை ஆண்ட மனுவேல் டி போர்த்துகல் எ காஸ்த்ரோ மணல் மேடுகளைச் சமப்படுத்தி, சேற்றுக் குழிகளைத் தூர்த்து, நேர்த் தெருக்கள் போட்டார். 1843 மார்ச் 22 அன்று 'நோவா கோவா' என்ற பெயரில் அது முறைப்படி தலைநகரமாயிற்று.

1986இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது பழைய கோவாவின் தேவாலயங்களையும் மடங்களையும்தான். குடியிருப்பவர் போன பிறகு மிஞ்சிய ஊர் அது. அதைக் காப்பது ஒப்பீட்டளவில் சுலபம், சுற்றிலும் புல் வெட்டி வேலி போட்டால் பெரும்பாலும் போதும். பனாஜியின் பழைய பகுதியில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சமைக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள். சிக்கலே அதில்தான் தொடங்குகிறது.

ஊற்றுத் தெருக்கள்

அரசாங்கம் ஓர் ஊருக்கு வந்தால் எழுத்தர் வருவார், சிப்பாய் வருவார், அச்சுக் கோப்பவர் வருவார், அவர்களுக்கு வீடு வேண்டும். அல்டின்ஹோ குன்றின் அடிவாரத்துக்கும் ஊரெம் ஓடைக்கும் இடையே உள்ள ஒடுக்கமான பட்டையில் அந்தோனியோ ஜோவாவ் டி செக்கெய்ரா என்பவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. மொசாம்பிக்கில் பொருள் ஈட்டித் திரும்பியவர் என்பதால் ஊரார் அவரை 'மொஸ்மிகார்' என்று அழைத்தார்கள். நம் ஊர்களில் பர்மாக்காரர், மலேயாக்காரர் என்று பெயர் விழுந்தது போலத்தான். அந்தத் தோப்பின்மேல் எழுந்த குடியிருப்பே ஃபொன்டெய்னாஸ். சின்ன ஊற்றுகள் என்று பொருள். குன்றின் அடியில் ஃபேனிக்ஸ் ஊற்று இன்றும் இருக்கிறது.

தெருக்களின் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. முக்கியமான தெருவின் பெயர் 'ஜனவரி 31'. போர்ச்சுகல் ஸ்பெயினிடமிருந்து விடுபட்ட நாள் என்று வழிகாட்டிகள் தயங்காமல் சொல்வார்கள். அந்த நாள் 1640 டிசம்பர் 1. ஜனவரி 31 என்பது 1891இல் போர்ட்டோ நகரில் முடியாட்சிக்கு எதிராக வெடித்துத் தோற்றுப்போன குடியரசுக் கலகத்தின் நாள். 1910இல் போர்ச்சுகல் குடியரசான பின் இந்தத் தேதி பல ஊர்களில் தெருப்பெயராயிற்று. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கடைத்தெருவின் பெயர் 'ஜூன் 18'. அது 1946இல் ராம் மனோகர் லோகியா மட்காவில் தடையை மீறிப் பேசிய நாள். ஒரே ஊரில் இரண்டு தேதிகள், இரண்டு அரசியல்!

தெருக்கோடியில் உள்ள சின்னஞ்சிறு செபஸ்தியார் ஆலயத்தில் ஒரு சிலுவை உருவம் இருக்கிறது. பொதுவாகத் தலை சாய்ந்து கண்மூடியிருக்கும் இயேசு, இதில் தலை நிமிர்ந்து கண் திறந்தபடி இருக்கிறார். பழைய கோவாவில் மதவிசாரணை மாளிகையில் இருந்தது இது. 1812இல் அந்த நீதிமன்றம் ஒழிக்கப்பட்டதும் பஞ்சிம் அரண்மனைக்கு வந்தது, 1918இல் இங்கே வந்தது. வீடு மாறி மாறி வந்தவர்களின் தெருவில் தெய்வமும் மூன்றாவது வீட்டில்தான் இருக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, அழகான வீடுகள். செம்புராங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே மங்களூர் ஓடு, தெருவைப் பார்த்து மர உப்பரிகை. கண்ணாடி மலியும் முன் சிப்பி ஓட்டைத் தேய்த்துச் சதுரமாக நறுக்கி மரச்சட்டத்தில் செருகிச் சன்னல் செய்தார்கள். வெளிச்சம் வரும், வெயில் வராது. மழைக்காலம் முடிந்ததும் வீட்டுக்கு வண்ணம் பூசவேண்டும், முழு வெள்ளை தேவாலயத்துக்கே உரியது என்பது போர்த்துகீசர் கால வழக்கம். காவி மஞ்சள், நீலம், செங்காவி என்று தெருவே வண்ணப்பெட்டி மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் அழகுக்குப் பின்னால் செலவு உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். அதில் பெரும்பங்கு ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டிவிடும். செம்புராங்கல் தண்ணீரைக் குடிக்கும், சுவர் ஆளுயரத்துக்கு ஓதம் ஏறும். மே மாதமே ஓடு பிரித்து, உடைந்ததை மாற்றி, உளுத்த சட்டத்தைப் பார்த்து வைக்க வேண்டும். ஓர் ஆண்டு விட்டால் ஒழுகும். மூன்று ஆண்டு விட்டால் உத்தரம் இற்றுப்போகும். ஓட்டு வீட்டுக்கு மிகப் பெரிய எதிரி மழைகூட அல்ல, ஆள் இல்லாமைதான். குடியிருப்பவர் இருந்தால் முதல் சொட்டு விழும்போதே பாத்திரம் வைப்பார், மறுநாள் ஏணி வைப்பார். பூட்டிய வீட்டில் முதல் சொட்டை யார் பார்ப்பது?

ரொம்பப் பேர் இருக்காங்க

இனி அந்தப் "ரொம்பப் பேர்" கதைக்கு வருவோம். போர்ச்சுகலின் 1867ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத் தொகுப்பு 1870இல் கோவாவில் அமலுக்கு வந்தது. 1961 டிசம்பர் 19இல் போர்த்துகீச ஆட்சி போன பிறகும் குடும்பச் சொத்தைப் பற்றிய பகுதிகள் நீங்கவில்லை. வாரிசுரிமைப் பகுதியை, 2012இல் இயற்றப்பட்டு 2016இல் நடைமுறைக்கு வந்த கோவா மாநிலச் சட்டம் இப்போது எடுத்துக்கொண்டது. அடிப்படை மாறவில்லை. கோவாக்காரரின் வாரிசுரிமைக்கு, சொத்து மாநிலத்துக்கு வெளியே இருந்தாலும்கூட, இந்தச் சட்டமே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

அந்தச் சட்டத்தின் சாரம் இதுதான். வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை, திருமணமான அன்றே கணவன் மனைவி இருவருக்கும் சொத்து பாதிப்பாதி. பிள்ளைகளில் ஆண், பெண் வேற்றுமை இல்லை. ஒருவர் தம் பங்கில் பாதிக்கு மேல் விருப்பம்போல் உயில் எழுதிவிட முடியாது, மறுபாதி வாரிசுகளுக்கே. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களுக்குச் சட்டம் வந்தது 1989இல், இந்தியா முழுமைக்கும் 2005இல். கோவாவில் அது தாத்தா பாட்டி காலத்துச் சங்கதி. இந்தப் பெருமையை அந்த ஊர்ப் பெண்கள் சொல்லக் கேட்க வேண்டும்.

நியாயமான சட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு வீட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டியவருக்கு நான்கு பிள்ளைகள், அவர்களுக்கு நந்நான்கு, அடுத்த தலைமுறையிலும் அப்படியே என்றால் 64 பேர். திருமணமானவர்களின் துணைக்கும் பங்கு உண்டு என்பதால் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் நூறைத் தாண்டுவார்கள். அவர்களில் சிலர் மும்பையில், சிலர் லிஸ்பனில், சிலர் மொசாம்பிக்குக்குப் போய் அங்கிருந்து வேறெங்கோ. ஒருவர் கையெழுத்து இல்லையென்றாலும் முழு வீட்டை விற்பது கஷ்டம். நீதிமன்றத்தில் 'இன்வென்டரி' என்ற பாகப்பிரிவினை நடவடிக்கை தொடங்கி, எல்லா வாரிசுக்கும் அறிவிப்பு அனுப்பி, வாரிசுகளுக்குள்ளேயே ஏலம் கேட்டு ஒருவர் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. வழி நீளமானது. அதுவரை ஓடு மாற்றுகிற செலவை அறுபத்து நாலில் ஒரு பங்குக்காரர் ஏன் ஏற்க வேண்டும்?

விற்கவும் முடியவில்லை, இடிக்கவும் முடியவில்லை. அதனால்தான் ஃபொன்டெய்னாஸில் அடுக்குமாடி எழவில்லை. நகரத் திட்ட விதிகளில் அது பாதுகாப்பு வட்டாரம் என்பது உண்மை. ஆனாலும் விதி எழுதப்படும் வரை வீடுகளை இடியாமல் வைத்திருந்ததில் இந்த வாரிசுச் சிக்கலுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

வாடகைக்கும் வாரிசு

இடியாமல் இருப்பது வேறு, உயிரோடு இருப்பது வேறு. பூட்டாமல் விட்ட வீடுகளில் அடுப்பு எரியக் காரணம் வாடகைக்காரர்கள்.

கோவாவின் நகர வாடகையை ஒழுங்குபடுத்த 1961 மார்ச்சில் லிஸ்பனிலிருந்து ஒரு ஆணை வந்தது. அதே ஆண்டு முடிவதற்குள் ஆணையிட்டவர்களே போய்விட்டார்கள், ஆணை மட்டும் சில ஆண்டு நின்றது. பிறகு 1968ஆம் ஆண்டின் கோவா, டாமன், டையூ கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் புதிய நிர்வாகத்தோடு வெளியூர் அலுவலர், ஆசிரியர், வங்கி ஊழியர், செவிலியர் என்று பலர் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். மகாராஷ்டிரம், கர்நாடகம், கேரளம், நம் தமிழ்நாடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். வாடகை எகிறாமல் இருக்க அந்தச் சட்டம் நியாய வாடகை என்ற ஒன்றை வைத்தது, அதை நிர்ணயிக்க வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரை வைத்தது. வாடகை பாக்கி, அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது, வீட்டைப் பூட்டிப் போட்டிருப்பது, வீட்டுக்காரருக்கே தேவைப்படுவது போன்ற குறிப்பிட்ட காரணம் இருந்தால்தான் காலி செய்யச் சொல்ல முடியும். அதையும் நிரூபிக்க வேண்டும். வாடகைதாரர் இறந்தால் கூடவே வசித்த மனைவி மக்களுக்கு அந்தக் குடியிருப்பு தொடரும்.

ஆக, ஒரே வீட்டுக்கு மேலே மூன்று தலைமுறை வாரிசுகள், கீழே மூன்று தலைமுறை வாடகைதாரர்கள். மேலே இருப்பவர்கள் கடல் கடந்து போய்விட்டார்கள். கீழே இருப்பவர் பழைய வாடகையை மாதாமாதம் கட்டிவருகிறார். இந்தக் காலத்தில் அது ஒரு குடும்பம் ஒருவேளை ஓட்டலில் சாப்பிடுவதற்குக் காணாது. வீட்டுக்காரர் பக்கம் நின்று பார்த்தால் வயிற்றெரிச்சல்தான். அந்த வாடகையில் ஓர் உத்தரம்கூட வாங்க முடியாது, வீட்டு வரிக்கே சரியாகப் போய்விடும். "நம்ம வீட்டுக்கு நாமே விருந்தாளி" என்று புலம்பிய வீட்டுக்காரர்களை நானும் கேட்டிருக்கிறேன். அவர்கள் புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனாலும் அந்தத் தெருவில் சில ஆண்டுகள் வாழ்ந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். எந்த ஓட்டு வீடு நேராக நிற்கிறது என்று பார்த்து, உள்ளே யார் என்று விசாரித்தால் பல இடங்களில் நெடுங்கால வாடகைக் குடும்பம் ஒன்று இருக்கும். சொந்தமில்லாத வீட்டுக்குச் சொந்தக் காசில் தார்ப்பாய் போட்டவர்கள், ஓடு வாங்கியவர்கள், கிணற்றைத் தூர்வாரியவர்கள். காரணம் எளியது. இந்த வீட்டை விட்டால் இதே வாடகைக்கு ஊரில் வேறு கூரை கிடையாது. பாரம்பரியத்தைக் காத்தவர்கள் பட்டியலில் அவர்கள் பெயரை எவரும் எழுதுவதில்லை. வாடகைக் கட்டுப்பாடு பழைய வீடுகளைப் பாழாக்கிவிட்டது என்பது பொருளாதாரப் புத்தகங்களில் உள்ள பாடம். அது பாதி உண்மைதான். பாழான வீடுகளும் உண்டு, அதனாலேயே பிழைத்த வீடுகளும் உண்டு.

கிராமப்புறத்தில் வேறொரு கதை நடந்தது. 'பாட்கார்' என்ற நிலக்காரரின் தோப்பில், வாடகை இல்லாமல் அவர் சம்மதத்தோடு குடிசை போட்டு வாழ்ந்தவர் 'முண்ட்கார்'. 1975ஆம் ஆண்டுச் சட்டம் அவரை வெளியேற்றத்திலிருந்து காத்து, வீட்டடியை விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையும் கொடுத்தது. நகரத்து வாடகைக்காரருக்குப் பாதுகாப்பு வந்தது, உடைமை வரவில்லை. அந்த வேற்றுமையின் விலையை அவர் இப்போது கொடுக்கிறார்.

பதினோரு மாதத்து மனிதர்கள்

1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் சூடுபட்ட வீட்டுக்காரர்கள் புதியவருக்கு வீடு தருவதையே நிறுத்திக்கொண்டார்கள், அல்லது வேறு வழி கண்டுபிடித்தார்கள். அந்த வழி நம் எல்லோருக்கும் பழக்கமானது. பதினோரு மாத 'லீவ் அண்ட் லைசன்ஸ்' பத்திரம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யவேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், அதனால் பதினோரு மாதம். குத்தகை என்றால் வீட்டின்மேல் ஓர் உரிமை பிறக்கும். அனுமதி என்றால் உரிமை இல்லை, இருந்துகொள்ளச் சம்மதம் மட்டும். டெல்லியிலும் மும்பையிலும் நம்மில் பலர் பத்துப் பதினைந்து முறை கையெழுத்திட்ட காகிதம்தான் அது. எத்தனை பேர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டோம் என்பது வேறு விஷயம்.

வீடு தேடி அலைந்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. வீட்டுக்கார அம்மாள் முதலில் கேட்ட கேள்வி சம்பளம் பற்றியதல்ல, சாப்பாடு பற்றியதும் அல்ல. "மாற்றல் ஆகக்கூடிய வேலைதானே?" ஆமாம் என்றதும் முகம் மலர்ந்தது. உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கத் தயங்கிய மாடியை எங்களுக்குக் கொடுத்தார்கள். வங்கி, மத்திய அரசு, துறைமுகம், கடற்படை என்றால் பனாஜியிலும் வாஸ்கோவிலும் வீட்டுத் தரகர்கள் தனி உற்சாகத்தோடு அழைத்துப் போவார்கள். நம்முடைய நல்ல நடத்தைக்காக இந்த மரியாதை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நாம் போய்விடுவோம் என்பதுதான் நம்முடைய முதல் தகுதி. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப, நம்ம வேர் விடாததுக்குத்தான் வாடகைக்குக் குடுக்கறாங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024இல் கோவா சட்டமன்றம் வாடகைதாரர் விவரங்களை வீட்டுக்காரர் கட்டாயம் சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. குற்றத் தடுப்பு என்பது நோக்கம். கட்டட வேலைக்கு வரும் வெளிமாநிலத் தொழிலாளருக்கும், அலுவலகப் பத்திரத்தோடு வரும் நமக்கும் இந்தச் சரிபார்ப்பு ஒரே மாதிரி இருப்பதில்லை. நமக்கு அது ஒரு படிவம். அறைக்கு ஆறு பேராகத் தங்கும் அவருக்கு, வீட்டுக்காரர் கதவைச் சாத்துவதற்கு இன்னொரு காரணம்.

ராத்திரிக் கணக்கு

இந்த நூற்றாண்டில் வந்த மாற்றம் முன்பு வந்த எல்லாவற்றையும்விட வேகமானது. 2000களில் ஃபொன்டெய்னாஸ் வீடுகளின் முன்னறைகளில் ஓவியக் கண்காட்சி வைத்துக் கலை விழா நடத்தினார்கள். தெருவின் அழகு வெளியே தெரிந்தது. 2004 முதல் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவும் பனாஜிக்கு வந்தது. ஆற்றில் சூதாட்டக் கப்பல்கள் நங்கூரமிட்டன. பழைய வீடுகள் சில தங்கும் விடுதிகளாயின, சில தேநீர்க் கடைகளாயின. இப்போது கணக்கு மாதத்துக்கு அல்ல, ராத்திரிக்கு. மாத வாடகைக்காரர் கொடுப்பதைச் சுற்றுலாப் பயணி இரண்டு மூன்று இரவில் கொடுத்துவிட்டுப் போகிறார். அறுபத்து நாலு வாரிசும் ஒன்றுகூடக் காரணம் இல்லாமல் இருந்த வீட்டில், இப்போது காரணம் பிறந்திருக்கிறது.

அந்தப் பணத்தால் ஓடு மாறியது, சிப்பிச் சன்னல் திரும்ப வந்தது, மறுப்பதற்கில்லை. கூடவே காலை ஏழு மணிக்கே கேமராவோடு மணமக்களும் வந்தார்கள். படியில் உட்கார்ந்து கீரை ஆயும் பாட்டியை நகரச் சொல்லிப் படம் எடுத்தார்கள். 'இது குடியிருப்புப் பகுதி, படம் எடுக்காதீர்' என்று வீட்டுச் சுவர்களில் அறிவிப்பு தொங்கத் தொடங்கியது. அந்தப் பலகை தொங்குகிற வீட்டில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். பலகை இல்லாமல், வண்ணம் மட்டும் புதிதாக இருந்தால் பெரும்பாலும் அது விடுதி.

மாதச் சம்பளக்காரர்களோ ஆற்றைக் கடந்துவிட்டார்கள். 2000இல் சட்டமன்றமே அக்கரையில் உள்ள பொர்வொரிமுக்குப் போயிற்று. பழைய ஆதில் ஷா மாளிகை அதோடு அரசியல் சந்தடி ஓய்ந்து ஆறு பார்த்து நிற்கிறது. பொர்வொரிமில் குடியிருப்பவருக்குப் பாலமே உயிர்நாடி. 1986 ஜூலை 5 அன்று மாண்டோவிப் பாலம் இடிந்து விழுந்தபோது, அக்கரை வாடகை மலிவு என்று நம்பிப் போனவர்கள் படகுத்துறையில் வரிசையில் நின்ற கதையைப் பழையவர்கள் இன்றும் சொல்வார்கள். புதுப்பாலம் வர ஆண்டுகள் ஆயின. 2019 ஜனவரியில் திறந்த அடல் சேதுவோடு இப்போது மூன்று பாலங்கள். ஒவ்வொரு பாலத்துக்கும் அக்கரை வாடகை ஒரு படி ஏறியிருக்கிறது.

நாங்களும் கடைசி இரண்டு ஆண்டு பொர்வொரிமில்தான் இருந்தோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, ஒழுகாத கூரை. தாலெய்காவ், சாந்தா குரூஸ், ரிபந்தர் என்று நம் குடும்பங்கள் சிதறியிருக்கின்றன. காய்கறிக்கும் மீனுக்கும் மட்டும் பனாஜிச் சந்தைக்கே வருவோம். வெண்டைக்காயும் முருங்கைக்காயும் பெல்காமிலிருந்து லாரியில் இறங்கும்.

அந்த ஊர் நாளிதழ்களில் ஒரு பக்கத்தை நான் தவறாமல் படிப்பேன். பாகப்பிரிவினை அறிவிப்புகள் வரும் பக்கம். இன்னாரின் மகன், போர்ச்சுகலில் வசிப்பவர், முகவரி தெரியவில்லை. இன்னாரின் மகள், திருமணமானவர், கணவரோடு சேர்த்து நோட்டீஸ். குறிப்பிட்ட நாளில் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். சொத்து விவரத்தில் தெருப்பெயரும் வீட்டு எண்ணும் இருக்கும். சில எண்கள் எனக்குத் தெரிந்தவை. கீழ்த்தளத்தில் யார் வாடகைக்கு இருக்கிறார் என்பதும் தெரியும். அவருக்கு அந்த அறிவிப்பில் இடமில்லை.